நீல வாஷர்

தண்ணீர் பில் வந்த அன்று ஊசியக்கா ஒரு சட்டைக்கு இடது கையை வலது பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டாள். பதினெட்டு வருஷத் தொழிலில் அவள் அப்படிச் செய்ததே இல்லை. அதைப் பிரித்து மறுபடி தைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரமும் மிஷின் ஓடியதைவிட அவள் வாய்தான் அதிகம் ஓடியது. போன பில்லைப் போல இரண்டு மடங்கு வந்திருந்தது இந்தப் பில். போன பில்லே அதற்கு முந்தினதைவிட இரண்டு மடங்கு. தண்ணீர் ஆபீஸ் கணக்கு அப்படி. ஓர் அளவு வரைக்கும் ஒரு ரேட்டு, அதை ஒரு குடம் தாண்டினாலும் மொத்தத் தண்ணீருக்கும் வேறு ரேட்டு. குடித்த தண்ணீருக்குக் கொடுக்கலாம், குளித்த தண்ணீருக்குக் கொடுக்கலாம், குழாய் ஒழுகிச் சாக்கடைக்குப் போன தண்ணீருக்கு எதற்குக் கொடுப்பது என்று அவள் கேட்டாள். கேட்டுவிட்டு அவளேதான் கொடுத்தாள். பவர் மிஷின் வாங்க நூல்கண்டு டப்பாவுக்குள் சேர்த்து வைத்திருந்த பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

ஊசி என்று அவளுக்குப் பேர் வைத்தது தெரு. தொழிலை வைத்து என்று அவள் முகத்துக்கு நேரே சொல்வார்கள். நாக்கை வைத்து என்று அவளுக்கே தெரியும். அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை, கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அவளிடம் இரண்டு பிடிவாதங்கள் இருந்தன. ஒன்று, தைத்தது போக மிஞ்சிய துண்டுத் துணியை, கட்டைவிரல் அகலம் இருந்தாலும் சரி, ஒரு கவரில் போட்டுச் சட்டையோடு திருப்பிக் கொடுத்துவிடுவாள். துணி கொடுக்கிறவர்கள் எந்த டெய்லரையும் ஒரு கண்ணால் பார்ப்பார்கள், அரை மீட்டரை அமுக்கியிருப்பாளோ என்று. அவள் தொழில் ஆரம்பித்த புதிதில் ஒருத்தி அப்படி ஒரு வார்த்தையை வெளியே விட்டாள். விட்டவள் மறந்துபோனாள். இவள் மிஷின் எட்டு மாதம் சும்மா கிடந்தது. அந்த எட்டு மாதத்துக்குப் பிறகு வந்த வழக்கம் இந்தக் கவர்.

இன்னொன்று அவளுடைய கத்தரி. முதல் வருமானத்தில் வாங்கிய கனத்த கத்தரி. துணியைத் தவிர வேறு எதையும் அது தொடக்கூடாது. காகிதம் வெட்டினால்கூடக் கூர் போய்விடும். ஒரு தடவை அவள் புருஷன், ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர், விவரம் தெரியாமல் சோப்புத்தூள் பாக்கெட்டை அதால் வெட்டிவிட்டான். இரண்டு நாள் அவள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவள் பேசியதைக் கேட்டபோது, பேசாமலே இருந்திருக்கலாமே என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

வீட்டில் மூன்றாவது ஆள் அவள் மாமனார். தண்ணீர் ஆபீசில் முப்பத்தோரு வருஷம் மீட்டர் ரீடராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கே மீட்டர் மாமா. வாசல் கேட்டுக்கு வெளியே நின்று அவர் "மீட்டர்" என்று ஒரு குரல் கொடுத்தால், மூன்று வீடு தள்ளிக் கதவு திறக்கும் என்பார்கள். ஓய்வுக்குப் பிறகு வீட்டின் பின்கட்டு அவர் ராஜ்ஜியமாகிவிட்டது. துணி துவைக்கிற கல், பெரிய பிளாஸ்டிக் டிரம், அதன் தலைக்கு மேலே ஒரு குழாய். அந்தக் குழாய்தான் ஒழுகியது.

இரண்டு வருஷமாகவே அது ஒழுகியது. எவ்வளவு இறுக்கி மூடினாலும் நூல் மாதிரி ஒரு தண்ணீர் டிரம்முக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும், டிரம் நிறைந்தால் வழிந்து சாக்கடைக்குப் போகும். பில் ஏறாததால் யாரும் கண்டுகொள்ளவில்லை. நாலு மாதத்துக்கு முன்னால் தெரு முழுக்கப் பழைய மீட்டரைக் கழற்றிவிட்டுப் புது மீட்டர் வைத்தார்கள். அதிலிருந்து ஏறியது பில். ஆபீசில் எவனோ தப்பாகப் போட்டிருக்கிறான் என்று மாமனார் அடித்துச் சொன்னார். மனுவும் எழுதினார், கார்பன் பேப்பர் வைத்து மூன்று நகல். மனுவெல்லாம் அப்புறம், முதலில் குழாயைப் பார்ப்போம் என்று ஊசியக்கா பிளம்பரைக் கூப்பிட்டாள்.

வந்தவள் ஒரு பெண். முப்பது வயதுகூட இருக்காது. முறையாகப் படித்துவிட்டுத் தொழிலுக்கு வந்தவள். தோளில் பை, கையில் ஸ்பேனர், பழைய ஸ்கூட்டர் ஒன்று. தெருவில் அப்போதுதான் ஒரு வீடு, இரண்டு வீடு என்று அவளைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். வால்வை அடைத்து, குழாயின் தலையைக் கழற்றி, உள்ளே இருந்த கறுப்பு ரப்பர் வாஷரை எடுத்துவிட்டுப் புதிதாக ஒரு நீல வாஷர் போட்டாள். பழையதைத் துடைத்து ஊசியக்காவின் கையில் வைத்தாள். மாற்றினாளா இல்லையா என்று யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது, அதனால் பழையதைக் கொடுத்துவிடுவது தன் வழக்கம் என்றாள். ஊசியக்காவுக்கு அவளை அந்த இடத்திலேயே பிடித்துப்போயிற்று. துண்டுத் துணிக் கவரும் இதுவும் ஒன்றுதானே. அந்தக் கறுப்பு வாஷரை அவள் ஜன்னல் கட்டையில் போட்டாள். உதவும் என்று மாமனார் அதை எடுத்து வைத்துக்கொண்டார்.

நாலாம் நாள் குழாய் மறுபடி ஒழுகியது. பிளம்பர் பெண் வந்தாள், திறந்தாள். உள்ளே கறுப்பு வாஷர் இருந்தது. தான் போட்டது நீலம் என்றாள். அதெப்படி மாறும், இந்த வீட்டில் யார் வாஷரை மாற்றப் போகிறார்கள் என்று ஊசியக்கா சிரித்துவிட்டாள். அவசரத்தில் கை மாறியிருக்கும் என்று அவளே சமாதானமும் சொன்னாள். பிளம்பர் பெண் சிரிக்கவில்லை. இன்னொரு நீல வாஷர் போட்டாள். கூலி வாங்காமல் வாஷருக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு போனாள்.

ஒரு வாரத்தில் மறுபடியும் நூல் மாதிரி இறங்கியது தண்ணீர். அதற்குள்தான் அந்த இரண்டு மடங்கு பில்லும் வந்து சேர்ந்தது. சட்டைக் கையைப் பிரித்துத் தைத்து முடித்ததும் ஊசியக்கா புருஷனை உட்கார வைத்துக் குழாயைத் திறக்கச் சொன்னாள். உள்ளே கறுப்பு.

அவ்வளவுதான். அந்த வாஷரைக் கைக்குள் மூடிக்கொண்டு நேராகத் தெரு முனை ஹார்டுவேர் கடைக்கு நடந்தாள். சனிக்கிழமை சாயங்காலம். கொத்தனார், எலக்ட்ரீஷியன், பெயின்டர் என்று எல்லோரும் கூடுகிற நேரம். கடைச் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. எந்த வேலைக்கு யாரைக் கூப்பிடலாம் என்று பேரும் நம்பரும் சாக்பீஸில் எழுதியிருக்கும். பிளம்பர் பெண்ணின் நம்பர் அதில் ஏறி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவளும் அங்கேதான் நின்று குழாய் மூட்டு வாங்கிக்கொண்டிருந்தாள்.

ஊசியக்கா வாஷரைக் கடை மேஜை மேல் வைத்தாள். "நீலத்தைக் காட்டிட்டுக் கறுப்பைப் போடுறா. ஒரே நீலத்தை எத்தனை வீட்டுக்குக் காட்டினாளோ. திருட்டுக் கை." தெருவின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது.

பிளம்பர் பெண் மூன்று தடவை ஒன்றையே சொன்னாள், தான் போட்டது நீலம் என்று. யாரும் காதில் வாங்கவில்லை. பக்கத்து டீக்கடையில் மாமனார் டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தார். ஒரு வாய் உறிஞ்சினார். கடைக்காரர் எழுந்து போய்க் கரும்பலகையில் கடைசி வரியைக் கையாலேயே அழித்தார்.

அப்புறம் பத்து நாள் ஊசியக்கா நிம்மதியாக இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். கொட்டித் தீர்த்தவர்களுக்கு வருகிற நிம்மதி. கடைக்குக் கொண்டுபோன கறுப்பு வாஷரையே புருஷன் திரும்பப் போட்டு மூடியிருந்தான், குழாய் அது பாட்டுக்கு ஒழுகியது. வேறு பிளம்பர்கள் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று அலைக்கழித்தார்கள். பதினோராம் நாள் மிஷினில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்து ஆடியது. ஸ்க்ரூ டிரைவர் மாமனாரின் தகர டப்பாவில் இருக்கும். அவர் மனுவின் மூன்றாம் நகலை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஆபீசுக்குப் போயிருந்தார். பின்கட்டு அலமாரியிலிருந்து டப்பாவை இறக்கித் திறந்தாள்.

பழைய மீட்டர் கண்ணாடி ஒன்று, ஈய சீல்கள், சின்ன அரம். அரத்துக்குப் பக்கத்தில் கறுப்பு வாஷர்கள் ஐந்து. ஐந்திலும் ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில் அரம் போட்ட வெட்டு. அவற்றுக்கு அடியில் ஒரு காகிதத்தில் மடித்து வைத்தபடி இருந்தன இரண்டு நீல வாஷர்கள். புதுசு.

ஊசியக்கா இரண்டு நீலத்தையும் கையில் எடுத்துக்கொண்டாள். துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். கோபம் அப்புறம் வந்தது. வந்தது என்றால், அடுப்பில் வைத்த வெறும் சட்டி காய்கிற மாதிரி, சத்தமே இல்லாமல் ஏறிக்கொண்டே போனது.

மாமனார் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவரை வாசல் மீட்டருக்கு முன்னால் நிறுத்திவிட்டாள். வீட்டில் மற்ற எல்லாக் குழாயும் மூடியிருந்தது. பின்கட்டுக் குழாய் மட்டும் நூல் விட்டுக்கொண்டிருந்தது.

"படிங்க மாமா," என்றாள்.

எதற்கு என்று அவர் கேட்டார். அவள் உள்ளங்கையை விரித்து இரண்டு நீல வாஷர்களையும் காட்டினாள். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, பழைய பழக்கத்தில் உரக்கவே படித்தார். நிமிர்ந்தார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். கடைசி எண் மாறியிருந்தது. மூன்றாம் தடவை அவள் சொல்லாமலே குனிந்து பார்த்தார். அதுவும் மாறியிருந்தது.

"இந்த அளவு தண்ணிக்கு முள் அசையாதேம்மா," என்றார்.

"இதுல முள்ளே இல்ல மாமா."

அவர் சொன்னது இதுதான். பழைய மீட்டருக்கு நூல் தண்ணீர் தெரியாது. குழாயை இத்தனை மெல்லிசாக விட்டால் டிரம் நிறையும், முள் நகராது. அந்தத் தந்திரம் செய்த வீடுகளை முப்பத்தோரு வருஷம் அவரே பிடித்து எழுதியிருக்கிறார். எத்தனை மெல்லிசு என்பது அவரைவிட யாருக்குத் தெரியும். ஓய்வு பெற்றுச் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறோமே, மருமகள் ராப்பகலாகத் தைக்கிறாளே, தன்னால் ஆனது தினம் ஒரு டிரம் தண்ணீர் என்று நினைத்திருக்கிறார். திறந்து வைத்தால் அவள் இறுக்கி மூடிவிடுவாள் என்றுதான் வாஷரில் அரம் போட்டார். புது மீட்டரிலும் பெட்டிதான் புதுசு, உள்ளே அதே சக்கரம்தான் என்று நம்பினார். போன பில் ஆபீஸ் தப்பு, இந்தப் பில் ஏறியதற்கும் அவரிடம் காரணம் இருந்தது. பிளம்பர் நீல வாஷர் போட்ட நாட்களில் ஒழுகல் நின்று, எல்லோரும் குழாயை முழுசாகத் திறந்து முள் நகர்கிற வேகத்தில் தண்ணீர் பிடித்தார்கள், அதனால் ஏறியது. நீலத்தைக் கழற்றினால் இறங்கிவிடும். அதையும் அவர் நல்லெண்ணத்தில்தான் செய்தார்.

"உனக்காகத்தாம்மா," என்று முடித்தார்.

எனக்காக என்ற அந்தச் சொல்தான் அவளைக் கிளப்பிவிட்டது.

"பில்லு போகட்டும் மாமா. பவர் மிஷின் போகட்டும். நான் அந்தப் பொண்ணைத் திருடின்னு சொன்னப்போ நீங்க பத்தடி தள்ளி நின்னு டீ குடிச்சீங்க. கிளாஸைக் கீழ வைக்கக்கூட இல்ல."

அவர் மீட்டரைப் பார்த்தபடியே நின்றார். "தெரு என்னம்மா சொல்லும்? மீட்டர் மாமாவே தண்ணி திருடினான்னு சொல்லாதா?"

"அதுக்கு அவ திருடி ஆகணுமா?"

அவள் விடவில்லை. நாக்கில் வந்ததையெல்லாம் சொன்னாள், வயதுக்குக் கொடுக்கிற மரியாதையைக் கொடுத்துக்கொண்டே சொன்னாள். அது இன்னும் மோசமாக இருந்தது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு ஒன்று உறைத்தது. அவர் செய்ததெல்லாம் வாயை மூடிக்கொண்டு நின்றது. கடையில் பேசிய வாய் அவளுடையது. மிஷின் எட்டு மாதம் சும்மா கிடந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒருத்தியின் வாய்.

ராத்திரி சாப்பாட்டில் புருஷன் வழக்கம்போல் நடுவில் நின்றான். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, விஷயம் வீட்டோடு இருக்கட்டும், அந்தப் பெண்ணுக்கு ஏதாவது பணத்தைக் கொடுத்துச் சரிக்கட்டிவிடலாம் என்றான். உன் அப்பாவின் பேரை வீட்டோடு வைத்துக்கொள்வாய், அவள் பேரைத் தெருவில் விட்டுவிடுவாயா என்று அவள் கேட்டாள். அவன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான்.

ஆனாலும் மறுநாள் காலையில் அவள் பணத்தோடுதான் போனாள். நூல்கண்டு டப்பாவில் மிஞ்சியதை ஒரு கவரில் போட்டுக்கொண்டாள். பிளம்பர் பெண் ஒரு மாடிப்படிக்கு அடியில் ஒற்றை அறையில் இருந்தாள். ஸ்கூட்டர் வாசலில் நின்றது, சீட்டில் தூசி. பை ஆணியில் தொங்கியது. ஊசியக்கா எல்லாவற்றையும் சொன்னாள், டப்பா, அரம், நீல வாஷர், மாமனார், எதையும் மறைக்கவில்லை. சொல்லிவிட்டுக் கவரை நீட்டினாள்.

பிளம்பர் பெண் கவரைத் தொடவில்லை. அவள் குரலும் ஏறவில்லை.

"உங்க தெருல இருந்து ஒரு போன் வரல. பக்கத்துத் தெருலயும் இல்ல. காசு எனக்கு வேண்டாம்க்கா. அன்னைக்குக் கடைல சொன்னீங்கல்ல, அதே கடைல, அதே நேரத்துக்கு, அதே சத்தத்துல சொல்லுங்க."

சனிக்கிழமை சாயங்காலம் ஊசியக்கா போனாள். அதே கூட்டம். பிளம்பர் பெண் டீக்கடைப் பக்கம் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றாள். ஊசியக்கா கடை மேஜை முன்னால் நின்று வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. தெருவையே எழுப்புகிற குரல், ஒரு மன்னிப்புக்கு எழும்பவில்லை. முணுமுணுவென்று ஏதோ சொன்னாள். ஆணி நிறுத்துக்கொண்டிருந்த கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார்.

கோபம் வந்தால்தான் அவளுக்குக் குரல் வரும். அந்தக் கோபத்தை இந்தத் தடவை தன் மேலேயே திருப்பிக்கொண்டாள்.

"நான் சொன்னது பொய். அந்தப் பொண்ணு நீல வாஷர்தான் போட்டா, ரெண்டு தடவையும். கழட்டி மாத்தினது எங்க வீட்ல, என் மாமனார். விசாரிக்காம அவளைத் திருடின்னு கத்தினது நான்."

ஆணி நிறுப்பது நின்றது. சரி விடுங்க, அதையெல்லாம் யார் இப்போது நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று கடைக்காரர் சிரித்து மழுப்பப் பார்த்தார்.

"நீங்க வச்சிருக்கீங்க. வச்சுத்தான அந்த நம்பரை அழிச்சீங்க. எழுதுங்க."

அவர் சாக்பீஸை எடுத்தார். பெரிதாக எழுதச் சொன்னாள். எழுதி முடிக்கும்வரை நின்றாள். அவள் திரும்பியபோது டீக்கடைப் பக்கம் ஸ்கூட்டர் இல்லை. மீட்டர் மாமா தண்ணீர் திருடிய கதை அவள் வீடு போய்ச் சேர்வதற்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. மாமனார் முன் அறையில் சுவரைப் பார்த்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் கூப்பிடாமலே பிளம்பர் பெண் வந்தாள். குழாய் இன்னும் ஒழுகுகிறதா என்று மட்டும் கேட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். வால்வை அடைத்தாள், தலையைக் கழற்றினாள், நீல வாஷர் போட்டு மூடினாள். நூல் நின்றது. எடுத்த கறுப்பு வாஷரைத் துடைத்தாள். துடைத்தவள் அதை ஊசியக்காவின் கையில் வைக்கவில்லை.

"இது மாதிரி வேற இருக்கா?"

ஊசியக்கா தகர டப்பாவைக் கொண்டுவந்து கவிழ்த்தாள்.

"வெட்டுறதுக்கு ஏதாவது குடுங்க."

சமையலறைச் சுவரில் ஒரு சாதாரணக் கத்தரி தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஊசியக்கா அதைத் தாண்டி முன் அறைக்குப் போய், மிஷின் மேலிருந்த கனத்த கத்தரியை எடுத்து வந்து நீட்டினாள். பிளம்பர் பெண் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். எண்ணெய் போட்டுத் துடைத்த அலகு, கைப்பிடியில் துணி சுற்றியிருந்தது. ஆயுதத்தை வைத்துப் பிழைக்கிறவளுக்கு இன்னொரு ஆயுதத்தைத் தெரியாதா.

"இது துணிக் கத்தரி ஆச்சே."

"ஆமா."

"ரப்பரை வெட்டினா கூர் போயிடும்க்கா."

"தெரியும்."

பிளம்பர் பெண் கத்தரியைக் கையில் மாட்டிக்கொண்டாள். பிறகு துவைக்கிற கல்லில் உட்கார்ந்து வெட்டினாள். பழைய ரப்பர், காய்ந்து இறுகியிருந்தது. ஆறு வாஷரையும் ஒவ்வொன்றாக, பாதி பாதியாக, அவசரப்படாமல் வெட்டினாள். பன்னிரண்டு துண்டுகளையும் ஊசியக்காவின் உள்ளங்கையில் வைத்தாள். கத்தரியைத் துடைத்துக் கொடுத்தாள். வாஷருக்கும் கூலிக்கும் முழுசாகப் பணம் கேட்டு வாங்கி, எண்ணிப் பார்த்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். முன் அறை வழியாகப் போகும்போது நாற்காலிப் பக்கம் திரும்பவில்லை.

அன்று மத்தியானம் ஊசியக்கா ஒரு சட்டைத் துணியை விரித்துக் கத்தரியை வைத்தாள். ஒரு முழம் போனதும் அது துணியை மென்றது. எடுத்தாள், மறுபடி வைத்தாள், மறுபடி மென்றது. முன் அறையில் நாற்காலி லேசாக அசைந்தது. சாணை பிடிக்கக் கொடுத்துவிட்டு வரட்டுமா என்று மாமனார் சுவரைப் பார்த்தபடியே கேட்டார். வேண்டாம் என்றாள். மெதுவாக, விரலால் துணியை இழுத்துப் பிடித்துப் பிடித்து வெட்டி முடித்தாள். ஓரம் பிசிறடித்த துண்டுகளைப் பொறுக்கி, வழக்கம்போல் கவரில் போட்டு வைத்தாள்.